நான் வார்த்த ஆறு

ஒரத்தநாட்டுச் சாலையோரம் ஒரு கீற்றுக் கொட்டகையில், வாடகைக்கு எடுத்த ஒற்றை வெல்டிங் மெஷினோடு பட்டறை போட்டவன் நான். அந்தக் கொட்டகையைப் புயல் தூக்கிக்கொண்டு போனது. மறுநாளே கம்பு நட்டேன். டிராக்டர்கள் சேற்றில் இறங்கி உழுவதற்குக் கேஜ் வீல் கட்டினேன். நெல் தூற்றும் விசிறி செய்தேன். ஒரு மாதா கோயிலுக்குச் சின்னத் தேரும் ஒரு பிள்ளையார் கோயிலுக்குச் சப்பரமும் செய்து கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே அளவு அச்சு, இரண்டு சாமியும் குறை சொல்லவில்லை. வாய்க்கால் மதகுகளுக்கு இரும்பு ஷட்டர் அடித்தேன். வலங்கைமான் பக்கத்திலிருந்து கடலோரம் வரைக்கும் என் ஷட்டர் இல்லாத வாய்க்கால் குறைவு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் தஞ்சாவூரில் மாடி வீடு கட்டினேன். பின்னால் நிற்க ஆள் இல்லை, சொத்து இல்லை, இவனுக்கு டிராயிங் பார்க்கத் தெரியுமா என்று ஓவர்சீயர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்கள். என் ஷட்டர்கள் இன்னும் ஏறி இறங்குகின்றன.

அப்புறம், எழுபது வயதுக்கு மேல், ஓர் ஆறு கட்டினேன்.

ஆறுதான். கட்டில் நீளத்துக்கு ஓர் ஆறு, அதிலிருந்து பிரிந்து போகிற ஒரு வாய்க்கால், வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு வயல். மேலே பாலத்தில் விரல் உயரத்துக்கு ரயில் ஓடும். அந்த ரயில் இப்போது ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் யார் யார் செய்தது என்று ஒரு பலகை மாட்டப் போகிறார்கள். எழுதி வைத்திருக்கிற வாசகத்தை நான் பார்த்துவிட்டேன். அதில் என் பெயர் இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்துப் பிழை பார்க்க டீச்சரம்மாவிடம் கொடுக்கலாம். கொடுத்தால் பிழையோடு சேர்த்துச் சில சேதிகளையும் அடித்துவிடுவார். ஆகையால் பிழைகள் என்னுடையவை.

டீச்சரம்மா என்பது எங்கள் தெருக் கோடியில் இருக்கிற ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி. இருவரும் ஓய்வு பெற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வரும்போது இருவரும் ஆளுக்கொரு ஓரமாக நடப்பார்கள், பேச்சு மட்டும் சாலையின் நடுவில் போய்க்கொண்டிருக்கும். மாஸ்டருக்கு வெளிநாட்டிலிருந்து மகன் ஒரு பொம்மை ரயில் அனுப்பினான். பேரப்பிள்ளைகளுக்கு என்று வந்த ரயில். மாஸ்டர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தவர் திருப்பி வைக்கவே இல்லை. மாடி அறையில் பலகை போட்டு, தண்டவாளம் போட்டு, தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவில் தன் ஊருக்குப் பக்கத்தில், முதன்முதலில் வேலை பார்த்த ஒரு சின்ன ஸ்டேஷனை அப்படியே கட்ட ஆரம்பித்தார். மீட்டர்கேஜ் காலத்து ஸ்டேஷன். சிக்னல் கம்பம், தண்ணீர்ப் பானை, தூங்குமூஞ்சி மரம் எல்லாம் இருந்தன. முடிந்ததும் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதாகப் பேச்சு.

பலகைக்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்டாண்டை மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். தெர்மகோலை வெட்டி, மேலே பிளாஸ்டர் பூசி, பாலத்துக்குக் கீழே ஒரு பள்ளம் வளைந்து போனது.

"இது என்னா சார், இந்தப் பள்ளம்?"

"அது ஆறுங்க, பட்டறைக்காரரே. தண்ணிதான் இன்னும் வரலை."

"ஊத்த வேண்டியதுதானே?"

"நிசத் தண்ணி ஊத்துனா பலகை ஊறிப் போயிடும். அதுவுமில்லாம நிசத் தண்ணி இந்த அளவுக்குச் சின்னதாப் பாத்தா தண்ணி மாதிரியே இருக்காது. ரெசின் ஊத்தணும். உறைஞ்சு கண்ணாடி மாதிரி நிக்கும்."

காபி கொண்டுவந்த டீச்சரம்மா, "ரயிலு ஓடுற சத்தத்துல எனக்கு மத்தியானத் தூக்கம் போச்சு. இனிமே ஆறும் ஓடப் போவுதா?" என்றார்.

"அது ஓடாதும்மா, நிக்கும்."

"நிக்கிறதுக்குப் பேரு குளமில்ல?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அந்த இடத்திலேயே சொன்னேன்: "இந்த ஆத்தை நான் பாத்துக்கறேன் சார். தண்ணியோட பழகுனவன் நான். உங்க ரயிலைப் பாக்க வர்றவன் முதல்ல என் தண்ணியைப் பாப்பான்." சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "மூட்டு வலிக்குதுன்னு மாடிக்குத் துணி காயப்போட வரமாட்டேன்னீங்க. அங்க மாடியேறிப் பொம்மை ரயிலுக்குத் தண்ணி பாய்ச்சப் போறீங்களாக்கும்" என்றாள்.

முதல் சண்டை நிறத்தில் வந்தது. மாஸ்டர் தன் போனில் வெளிநாட்டுக்காரர்கள் செய்த ஆறுகளைக் காட்டினார். எல்லாம் நீலமும் பச்சையுமாக, அடியில் கூழாங்கல் தெரிகிற ஆறுகள். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கட்டுவது ஆடி மாதத்து ஆறு. மேட்டூர் திறந்து தண்ணீர் கரை தொட்டுக்கொண்டு வருகிற நாள். அந்தத் தண்ணீர் நீலமாகவா இருக்கும்?

"செம்மண் கலரு வேணும் சார்."

"எனக்குத் தெரியாதா? ஆனா பாக்குறவங்களுக்கு சாக்கடைன்னு தோணிடப் போவுது."

அப்போது நிஜமாகவே ஆடி. நான் சைக்கிளில் போய் ஆற்றிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து வந்து அவர் மேஜையில் வைத்தேன். கலங்கலாக, பால் அதிகம் விட்ட டீ மாதிரி இருந்தது. "பாத்துக்குங்க" என்றேன். மறுநாள் போனால் மாஸ்டர் சிரித்துக்கொண்டு அதே பாட்டிலை நீட்டினார். மண்ணெல்லாம் அடியில் விரற்கடை உயரத்துக்கு இறங்கிப் படிந்திருந்தது. மேலே தண்ணீர் பச்சையாகக்கூட இல்லை, நிறமே இல்லை.

"இப்ப சொல்லுங்க, தண்ணி என்ன கலரு?"

எனக்கு வாய் அடைத்தது என்று நினைத்தார். உண்மையில் எனக்கு அப்போதுதான் வழி பிறந்தது. அந்தப் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோய் ஜன்னலில் வைத்தேன், குலுக்கினேன், படிய விட்டேன், மறுபடி குலுக்கினேன். தண்ணீருக்கென்று ஒரு நிறம் கிடையாது. ஓடுகிற வரைக்கும்தான் அது மண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறது. நின்றால் இறக்கி வைத்துவிடுகிறது. இத்தனை வருஷம் மதகடியில் நின்றவன், இதை ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. வேலை இருந்தது, யோசிக்க நேரமில்லை. நிற்கப் போகிற தண்ணீர் ஓடுகிற மாதிரி தெரிய வேண்டுமானால், மண்ணை அது தூக்கிக்கொண்டிருக்கும்போதே பிடித்து உறைய வைக்க வேண்டும். அதற்கு மேலே நிறம் பூசிப் பிரயோசனமில்லை.

ஆற்று வண்டலைக் காயவைத்து, வறுத்து, மெல்லிய வேட்டித் துணியில் சலித்தேன். அடித்தளத்துக்கு நிறைய, நடுவுக்குக் கொஞ்சம், மேலே வர வர இல்லையென்று சொல்லும்படி. ஆற்றின் படுகையையும் ஓரத்தில் வெளிர் மணலாகவும் நடுவில் இருட்டாகவும் தீட்டினேன், ஆழம் தெரிவதற்காக. இந்த யோசனை முழுக்க என்னுடையது. எந்தப் போனிலும் பார்த்ததில்லை.

ரெசின் விஷயத்தில் ஒரு சேதம் நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பட்டறையில் டேங்க் ஓட்டை அடைக்கிற ஃபைபர் ரெசின் என்னிடம் இருந்தது. இரும்பும் ஃபைபரும் பிடிக்கிற ரெசின் ஆற்றைப் பிடிக்காதா என்று அதையே ஊற்றினேன். பிளாஸ்டரில் எங்கேயோ மயிரிழை விரிசல். அதன் வழியாக இறங்கி அந்த ரெசின் தெர்மகோலைக் கரைத்துத் தின்றுவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தென்கரை உள்வாங்கியது. கரையில் டீச்சரம்மா நட்டிருந்த தென்னை மரம் சாய்ந்து ஆற்றில் படுத்தது.

"உடைப்பு! உடைப்பு!" என்று மாஸ்டர் கத்தினார். நிஜ ஆறு உடைத்துக்கொண்ட மாதிரியே கத்தினார். நானும் யோசிக்காமல் கையில் கிடைத்த களிமண்ணை உருட்டி அடைத்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா வாசலில் நின்று, "சாக்கு மூட்டை எதுனா கொண்டாரட்டா?" என்றார். அதற்குப் பிறகு மூவருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

மாஸ்டர் எப்பாக்ஸி என்கிற வேறு ரெசினை வரவழைத்தார். அது தெர்மகோலைத் தின்னாது. இரண்டு பாட்டில், ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் இறுகும். கண்ணளவில் கலக்க நான் கை வைத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எடை மெஷின் வைத்து, ரயில் நேரம் பார்க்கிற ஆள் மாதிரி மூச்சுப் பிடித்துப் பார்த்து அளந்து கலந்தார். அந்தக் கலவை அவருடையது. அதை நான் மறுத்ததும் இல்லை, மறுக்கப்போவதும் இல்லை. யார் செய்ததை யாருக்கு எழுத வேண்டுமோ அதைத்தான் நான் கேட்கிறேன்.

ஊற்றியது நான். ஒரேயடியாகக் கவிழ்த்தால் சூடேறி வெடிக்கும் என்பதால், தோசை மாவு ஊற்றுகிற கனத்துக்கு ஒரு படலம், அது இறுகியதும் அடுத்தது. உள்ளே சிக்கிய காற்று முட்டை முட்டையாக மேலே வரும். சின்ன கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, தீ தொட்டும் தொடாமலும் மேலோட்டமாக ஓட்டினேன். முட்டைகள் பொட்டுப் பொட்டென்று உடைந்து அடங்கின. வெல்டிங் பிடித்த கைக்கு அது தெரியும். தூசி விழாமலிருக்க ஆற்றுக்குக் கொசுவலை கட்டினோம்.

இனி அந்த வாய்க்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாலத்துக்குக் கீழே, ஆற்றின் வலது கரையில் ஒரு மதகு. அதிலிருந்து ஒரு வாய்க்கால் தண்டவாளத்தை ஒட்டியே போய்ப் பலகையின் ஓரத்தில் ஒரு வயலில் முடியும். ஆற்றங்கரை வயல்களில் டீச்சரம்மா பச்சை நூலை நறுக்கி நட்டு நடவு முடித்திருந்தார். அந்தக் கடைசி வயலை மட்டும் வெறும் மண்ணாக, வெடிப்பு விட்ட களியாக விட்டிருந்தார். வாய்க்காலும் அதே மாதிரி வெடித்துக் கிடந்தது. நிஜக் களிமண்ணைப் பூசி வெயிலில் காயவிட்டதால் நிஜ வெடிப்பு. நல்ல வேலை. அந்தம்மாவின் வேலை.

"ஆறு நிறையப் போவுது, இந்த வாய்க்கா மட்டும் ஏன் சார் காயணும்?" என்று கேட்டேன்.

மாஸ்டர் ஒரு சிக்னல் கம்பத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பா வயலு அது. கடைமடை. பாலத்துல ரயிலு போவும்போது எட்டிப் பாப்பேன், தண்ணி கரையைத் தொட்டுக்கிட்டுப் போவும். வீட்டுக்கு வந்தா எங்க வாய்க்கால்ல ஆடு மேஞ்சுக்கிட்டு நிக்கும். எல்லாருக்கும் பாஞ்சு மிச்சமிருந்தாத்தான் எங்களுக்கு. அது அப்படியே காஞ்சு இருக்கட்டும்."

சரி என்றேன். கடைமடைக்காரர்களின் வருத்தம் எனக்குத் தெரியும். என் ஷட்டருக்குக் கீழே இருக்கிறவர்கள்தானே.

மதகுக்கு அட்டையில் ஒரு கதவு ஒட்டி வைத்திருந்தார். அதைப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை. ஊரெல்லாம் ஷட்டர் அடித்தவன் வேலையில் அட்டைக் கதவா? காபித்தூள் டின் தகட்டை வெட்டி, கட்டைவிரல் நகத்தளவுக்கு ஷட்டர் செய்தேன். இரண்டு பக்கமும் சட்டம், சைக்கிள் ஸ்போக்கின் மரையில் திருகு. திருகினால் ஏறும், இறங்கும். மாஸ்டர் அதை ஏற்றி இறக்கிக் குழந்தை மாதிரி விளையாடினார். பிறகு, "மூடியே வைங்க" என்றார். மூடி வைத்தேன்.

மதகு உயரத்தைத் தொடுகிற கடைசி மேல் படலத்தை ஊற்றிய மத்தியானம். மூவரும் கீழே டீ குடிக்க இறங்கினோம். திரும்பி மேலே போனபோது முதலில் பார்த்தது டீச்சரம்மா.

"என்னாங்க, இங்க பாருங்க. வாய்க்கால்ல தண்ணி வருது."

வந்துகொண்டிருந்தது. ஷட்டருக்கு அடியில் ஒரு நூல் கனத்துக்கு ரெசின் கசிந்து, வாய்க்காலில் இறங்கி, வெடிப்பில் நுழைந்து, அங்கே நிறைந்து, அடுத்த வெடிப்பைத் தேடி மெதுவாக நகர்ந்தது. முன்னால் போகிற நுனியில் களிமண் தூள் பொருக்காக மிதந்தது. புதுத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கும்போது சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு வருமே, அப்படியே. ஒட்டின இடமெல்லாம் மண் கறுத்தது. நாங்கள் நின்று பார்க்கும்போதே அது கடைசி வயலின் வரப்பைத் தாண்டி உள்ளே இறங்கியது.

"தொடைங்க! தொடைங்க!" என்றார் மாஸ்டர்.

"தொடைச்சா வெடிப்பும் சேந்து வந்துரும்" என்று டீச்சரம்மா அவர் கையைப் பிடித்தார்.

மாஸ்டர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "மூடியிருக்குன்னு சொன்னீங்களே?"

"மூடித்தான் இருக்கு சார்."

"மூடுனா எப்படிங்க வரும்? நான் காஞ்சு இருக்கணும்னு சொன்னேன். எங்க அப்பா வயலுன்னு சொன்னேன். உங்களுக்கு ஷட்டரு அடிக்கிற பெருமைதான் பெருசு."

அந்த வார்த்தை சுட்டது. குனிந்து ஷட்டரைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே விளங்கியது. ஷட்டரின் அடி விளிம்பு கீழ்ச்சட்டத்தில் உட்காரவில்லை. ஒரு கீற்று இடைவெளி இருந்தது. நான் அடித்த எல்லா ஷட்டரிலும் அந்தக் கீற்று உண்டு. விளிம்பு அடியில் முழுக்க உட்கார்ந்தால் வண்டல் கடித்துக்கொள்ளும்; பிறகு தூக்க நான்கு ஆள் வேண்டும். அதனால் ஒரு கீற்று மேலேயே நிற்கும்படி மரையை முடிப்பேன். பொதுப்பணித் துறை ஆபீசில் அதைக் குறை என்று எழுதினார்கள். மதகு திறந்து மூடுகிற ஒரு லஸ்கர் மட்டும் ஒருமுறை என்னைத் தனியாக அழைத்து, "அதை அடைச்சுராதய்யா. முறை மாத்தி அடுத்த வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு இதை மூடுற நாள்ல அந்தக் கீத்துல போறதைத்தான் கீழ உள்ளவன் மாட்டுக்குப் பிடிக்கிறான்" என்றார். அதற்குப் பிறகு யார் குறை எழுதினாலும் நான் அந்தக் கீற்றை அடைத்ததில்லை. நகத்தளவு ஷட்டரிலும் என் கை அதையே செய்திருக்கிறது.

இதை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த ஓரத்தில் உட்கார்ந்தார். ரெசின் வயலில் பரவி நின்றுவிட்டது. ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து, கண்ணளவு வானம் தெரிந்தது.  தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனது கேட்டது. மாஸ்டர் மனைவியிடம் கேட்டார்:

"நூலு மிச்சமிருக்கா?"

"எதுக்கு?"

"அந்த வயலுக்கும் நாத்து நட்டுடு."

டீச்சரம்மா கத்தரிக்கோலை எடுத்தார். நான் கிளம்பினேன். படியிறங்கும்போது டீச்சரம்மா பின்னாலேயே வந்து தணிந்த குரலில் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்க. தெரிஞ்சுதானே விட்டீங்க?"

நான் யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன். தெரிந்து விட்டேன் என்று சொன்னால் பொய். அந்த மத்தியானம் என் மனதில் டீயும் மூட்டு வலியும்தான் இருந்தன. தெரியாமல் நடந்தது என்று சொன்னால் அதுவும் சரியாக இல்லை. வேறொருவன் செய்திருந்தால் ஷட்டர் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், வாய்க்கால் காய்ந்திருக்கும். இந்தக் கை செய்ததால் தண்ணீர் போயிற்று. கை செய்வதை மனம் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது நம் வேலையா? மூச்சு விடுவதை யாரும் பார்த்துக்கொண்டு விடுவதில்லை. அதற்காக வேறு யாராவது விட்டார்கள் என்று சொல்வோமா? ஷட்டர் ஒழுகி ஆறு பாழாகியிருந்தால் ஊர் முழுக்க என் பெயரைச் சொல்லியிருப்பார்கள், தானாகப் பாழானது என்று ஒருவர் சொல்லியிருக்க மாட்டார். டீச்சரம்மாவிடம் இவ்வளவும் சொல்ல வரவில்லை. "கைப்பழக்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் எல்லோருக்கும் காட்டிய நாளில் கூட்டம். மாஸ்டர் வெள்ளைச் சட்டையும் பழைய விசிலுமாக நின்றார். விசில் ஊதினார், ரயில் கிளம்பியது, பிள்ளைகள் கத்தினார்கள். ரயில் மூன்றாவது சுற்று வருவதற்குள் பெரியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். நான் முன்னாலேயே சொன்னேன் அல்லவா? ஆற்றுக்குக் குனிந்தார்கள். ஆற்றிலிருந்து மதகுக்கு, மதகிலிருந்து வாய்க்காலோடு நடந்தே வந்தார்கள், வரப்பில் நடக்கிற மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராக. கடைசி வயலுக்கு வந்ததும் நின்றார்கள். அங்கேதான் நெரிசல்.

"அட, கடைமடைக்குத் தண்ணி வந்திருக்குய்யா!"

"ஆடியிலயா? பொய்யி. எந்த ஊரு இன்சினியரு இது?"

"மேல உள்ளவன் அசந்து தூங்கியிருப்பான்."

"ஒரு வேளை முறை வச்சு விட்டிருப்பாங்க."

"முறை வச்சா? உங்க ஊருல வேணா விடுவான். எங்க ஊருல பொம்மைக்குக்கூட விடமாட்டான்."

தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் நீளமான விரலால் அந்தத் தண்ணீரைத் தொட்டார். தொடக் கூடாது என்று எழுதியிருந்தது. யாரும் அவரைத் தடுக்கவில்லை. விரலை எடுத்துப் பார்த்தார், ஈரம் இல்லை. அப்புறமும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். மாஸ்டரிடம் கேட்டார்: "இதுக்கு எப்படிங்க தண்ணி வந்துச்சு?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் மார்பு நிமிர்ந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்து, "அதுங்களா? அது தானா வந்துச்சுங்க" என்றார்.

பெரியவர் தலையை ஆட்டினார். "வந்தா சரி" என்றார்.

அன்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு மனம் ஆறவில்லை. பிறகு மெல்ல ஒன்று புரிந்தது. கடைமடை ஊர்களில் நான் வேலைக்குப் போன காலத்தில் கவனித்திருக்கிறேன். தண்ணீர் வந்துவிட்டால் 'வந்துடுச்சு' என்பார்கள். யார் விட்டது என்று சொல்லவே மாட்டார்கள். கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். ஒருவன் விட்டான் என்று ஒத்துக்கொண்டால், அவன் விடாமலும் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். தண்ணீர் தங்கள் பாத்தியதை, அதற்கு யார் தயவும் வேண்டாம் என்பது அவர்கள் ரோஷம். மாஸ்டர் எத்தனை ஸ்டேஷனில் வேலை பார்த்தால் என்ன, அப்பாவின் வயலோரம் நின்றபோது கடைமடைக்காரராகவே பேசினார். அது புரிந்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை.

அடுத்த வாரம் பெயர்ப் பலகைக்கு எழுதிய வாசகத்தை அவரே படித்துக் காட்டினார். ரயிலும் நிலையமும் அவர் பெயர். மின்சார வேலை, அவரோடு வேலை பார்த்த ஒருவர் பெயர். இயற்கைக் காட்சிகள், டீச்சரம்மா பெயர். அதோடு படிப்பதை நிறுத்தினார்.

"சார், தண்ணி?"

"தண்ணி இயற்கைக் காட்சியில அடக்கம்ங்க."

"தஞ்சாவூர் ஜில்லாவுல இருந்துக்கிட்டுத் தண்ணி இன்னொண்ணுல அடக்கம்னு சொல்றீங்களே சார். மத்ததெல்லாம் தண்ணியில அடக்கம்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

"சரிங்க, ஆறுன்னு தனியா ஒரு வரி போட்டா உங்க பேரோட என் பேரையும் போடணும். கலந்தது நான்."

"போடுங்க. வாய்க்காலுக்கு?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அதான் தானா வந்துச்சே. அதுக்கு யாரு பேரைங்க போடுறது?"

டீச்சரம்மா நடுவில் புகுந்தார். "ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க மாதிரி. இடமில்லைன்னா என் பேரை எடுத்துட்டு அவரு பேரைப் போட்டுடுங்க."

"உங்க பேரை எடுத்தா நான் ஆத்தையே பேத்து எடுத்துட்டுப் போயிடுவேன்மா" என்றேன். அவர் செய்த வெடிப்பு இல்லையென்றால் என் தண்ணீர் போக வழியில்லை. எனக்கு வேண்டியது இன்னொருவர் வரி அல்ல.

வாசகத்தைப் பலகை எழுதுகிறவரிடம் இன்னும் கொடுக்கவில்லை. வீட்டில் என் மனைவி கேட்டாள்: "ஊருல உள்ள ஷட்டருல ஒண்ணுலயும் பேரு கேக்காத மனுசன், பொம்மை ஆத்துக்குப் போயி கேக்குறீங்களே?"

அவள் கேட்டது நியாயம். பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த ஷட்டர்களுக்குக் கீழே தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. எந்த வயல் விளைந்தது என் கீற்றினால், எது மழையினால், எது மேலே இருந்தவன் தூங்கியதனால் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கேட்டிருந்தாலும் எதைக் காட்டிக் கேட்பேன்? இந்தத் தண்ணீர் நிற்கிறது. எங்கே கிளம்பியது, எதற்கு அடியில் நுழைந்தது, எந்த வயலில் போய் நின்றது என்று விரல் வைத்துக் காட்டலாம். என் வாழ்நாளில் நான் விட்ட தண்ணீரில் எனக்கே கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் இது ஒன்றுதான்.

ஆகையால், மாஸ்டர் சார், தெருவில் பார்க்கும்போது சொன்னால் நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறீர்கள், எழுத்தில் கேட்கிறேன். ஆற்றுக்கு என் பெயரோடு உங்கள் பெயரும் வரட்டும், அல்லது இரண்டுமே வேண்டாம், இயற்கைக் காட்சியில் அடக்கம் என்றே இருக்கட்டும். அதில் நான் விட்டுக்கொடுக்கிறேன். கடைசி வயலுக்கு மட்டும் ஒரு வரி தனியாக எழுதச் சொல்லுங்கள். வயல் உங்கள் அப்பாவுடையது, நாற்று டீச்சரம்மா நட்டது, தண்ணீர் விட்டவன் நான். மூன்றையும் அந்த வரிசையிலேயே எழுதட்டும். என் பெயரை முழுசாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு எழுத வேண்டும். அந்தப் பெரியவர் மறுபடியும் வந்து எப்படித் தண்ணீர் வந்தது என்று கேட்டால், என்னைக் கை காட்டுங்கள்.